வாதமும் சீனியும் உள்ள அம்மா கொழும்பில் தோட்டம் செய்யலாமா?

தெகிவளையில் இருக்கும் ஒரு மகள் கேட்ட கேள்வி இது. யாழ்ப்பாணத்தில், ஊரில் நாலு பரப்பு (கால் ஏக்கர்) தோட்டம் செய்த அம்மா, அப்பா போன பிறகு மகளோடு வந்து இருக்கிறார். வயது 66. மூட்டுகள் வீங்கி விறைக்கிற முடக்கு வாதம், அதோடு நெடுநாள் சீனி வருத்தம். பின் வளவில் விடியக்காலையில் மண்வெட்டியோடு இறங்கினால் அடுத்த மூன்று நாளும் படுக்கை. போதாததற்கு, பூச்சாடித் தட்டில் நுளம்புப் புழுவைக் கண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். கணவர் எல்லாவற்றையும் அள்ளி எறியச் சொல்கிறார். அம்மாவைத் தோட்டம் செய்ய விடலாமா, நிறுத்தச் சொல்ல வேண்டுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைத் தடியை எங்கே நடுவது?

தங்கச்சி, நிறுத்தச் சொல்ல வேண்டாம். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கும் முடக்கு வாதம்தான், பல வருடமாக. அதனால் மண்ணையும் அறிந்து, அந்த வருத்தத்தோடு ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்பதையும் அறிந்து சொல்கிறேன். மருந்து பற்றி நான் சொல்லும் இடங்களில் உங்கள் கிளினிக் டொக்டரின் சொல்லே முடிவு.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஏலும் நாளைப் பார்த்துத் தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். ஏலாமல் படுக்கும் வாரத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். முடக்கு வாதம் ஒரே சீராக இருக்கிற வருத்தம் இல்லை. சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று கிளம்பும். அந்த இரண்டு கிழமையும் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் சாகாமல் நிற்கிற தோட்டம்தான் அம்மாவுக்கு வேண்டியது. கன்றுகள் வாடி நிற்பதைப் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது வருத்தத்தை விடப் பெரிய வருத்தம். அதைப் பொறுக்க முடியாமல்தான் பலர் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் எழும்பிப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் வாதம் குறையும் என்பது பிழையான நம்பிக்கை. அசையாத மூட்டு இறுகும், அதைத் தாங்கும் தசை மெலியும். அளவான வேலை நல்லது, சீனிக்கும் நல்லது. அம்மாவைப் படுக்கையில் போடுவது தோட்டம் இல்லை, மண்வெட்டியும், குனிந்து நிற்பதும், தூக்குவதும், அதோடு விடியக்காலை நேரமும். ஊரில் வெயில் ஏறமுதல் வேலை முடிப்பது பழக்கம். ஆனால் இந்த வாதத்தில் காலையில் எழும்பியதும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை கால் விறைத்துப் போயிருக்கும். அந்த நேரத்தில் கொத்தினால் வீங்காமல் என்ன செய்யும்? சாப்பிட்டு, மருந்து எடுத்து, சுடுதண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்து, ஒன்பது மணிபோல் நிழல் உள்ள பக்கத்தில் தொடங்கட்டும். அல்லது பின்னேரம் நாலரைக்கு. எந்த நேரமென்றாலும் நீளக் கைச்சட்டையும் நுளம்புக்குப் பூசுகிற களிம்பும் கட்டாயம். டெங்கு நுளம்பு காலையிலும் பொழுதுபடுமுன்னும்தான் கூடக் கடிக்கும்.

இருபது நிமிடம் போதும். பிறகு கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணீர், முடிந்தால் இன்னொரு இருபது நிமிடம். நல்ல நாளில்தான் இது கடினம். "இன்றைக்குக் கை சுகமாக இருக்கு, எல்லாத்தையும் முடிச்சுப் போடுவம்" என்று இறங்குகிற நாளுக்கு அடுத்த நாள்தான் படுக்கை. ஏலும்போதே நிறுத்த வேண்டும், களைத்த பிறகு நிறுத்துவதில் பலன் இல்லை. இதை அம்மாவுக்குச் சொல்லி விளங்கவைக்கச் சிலகாலம் எடுக்கும். போனில் மணி வைத்துக் கொடுங்கள். மகள் சொல்வதை விட மணி அடிப்பதைக் கேட்பது அம்மாமாருக்கு லேசு.

சரி, இனி மண்ணுக்கு வருவோம். உங்கள் அம்மா யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரி. வரம்பு கட்டி, பள்ளப் பாத்தி போட்டு, இறைக்கிற தண்ணீரை உள்ளே நிறுத்துகிற கை அது. அங்கே அது சரி. கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, யாழ்ப்பாணத்தில் விழுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சித்திரை, வைகாசியில் ஒரு கொட்டு, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு கொட்டு. இங்கே பள்ளப் பாத்தி போட்டால் வேர் அழுகும். தண்ணீர் ஓடிப்போகிற மேட்டுப் பாத்திதான் வேண்டும். அம்மாவின் முதுகுக்கும் அதுவே நல்லதாக அமைந்துவிடுகிறது.

ஒரு மேசனைப் பிடித்துச் சீமெந்துக் கல்லை மூன்று வரி அடுக்கி, இரண்டு அடி உயரத்தில் ஒரு தொட்டி கட்டுங்கள். பக்கத்தில் கதிரை போட்டு இருந்தபடியே வேலை செய்கிற உயரம் அது. ஒரு பக்கத்தால் மட்டும் கை போகுமென்றால் அகலம் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் போகலாமென்றால் நாலு அடி வரை. நீளம் உங்கள் வளவைப் பொறுத்தது, ஆனால் ஆறு அடியோடு தொடங்குங்கள். முழுவதையும் மண்ணால் நிரப்பத் தேவையில்லை. அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே ஓரடிக்கு மேல்மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சம பங்காகக் கலந்து போடுங்கள். கீரைக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது போதும். கொழும்பு மண் புளிப்பு மண், அம்மாவுக்குப் பழகிய சுண்ணாம்பு மண் இல்லை. அதனால் கலக்கும்போது, புளிப்பைக் குறைக்கிற டொலமைட் தூள் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலி வீதி ஓரத்து வீடென்றால் பழைய மண்ணைப் பாவிக்கவே வேண்டாம். இந்த நாட்டில் 2002 வரை ஈயம் கலந்த பெற்றோல் ஓடியது. ஈயம் மண்ணை விட்டு லேசில் போகாது.

கருவிகளில் பெரிய செலவு இல்லை. வாதம் உள்ள விரலுக்கு மெல்லிய பிடிதான் எதிரி. சிறு கரண்டி, களைக்கொத்து எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றித் தடிப்பாக்குங்கள். வளவுக் குழாயில் திருகித் திறக்கிற பைப்பைக் கழற்றிவிட்டு, கையின் பின்பக்கத்தாலேயே தட்டித் திறக்கக்கூடிய நீட்டுப் பிடிப் பைப் ஒன்றைப் போடுங்கள். பூவாளி சின்னதாக இருக்கட்டும், அதையும் அரைவாசிதான் நிரப்ப வேண்டும். வாளியைத் தூக்கத்தான் வேண்டுமென்றால் விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டச் சொல்லுங்கள். சின்ன மூட்டில் விழுகிற பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதுதான் இதில் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற வழி. மண்வெட்டியும் அலவாங்கும் மருமகனுக்கோ பேரனுக்கோ உரியவை.

எதை நடுவது என்பதில்தான் அம்மாவோடு கொஞ்சம் கதைக்க வேண்டி வரும். ஊரில் செய்த வெங்காயமும் தக்காளியும் மனதில் இருக்கும். சின்ன வெங்காயம் இந்த மழையில் அழுகும், தாளுக்கு வேண்டுமானால் நாலைந்து ஊன்றலாம். தக்காளியை ஈர வலயத்தில் பக்டீரியா வாடல் அடிக்கும். நேற்றுப் பச்சையாக நின்ற கன்று இன்று தொங்கி நிற்கும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் வைத்தால் வெள்ளை நூல்போல ஒன்று இறங்குவதைப் பார்க்கலாம். அது வந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் சில காலம் வேண்டாம். 2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள், நினைவிருக்கும். அப்போது கொழும்பில் தொடங்கிய தோட்டங்களில் நான் பார்த்த பல, ஒவ்வொரு முறையும் புதுக் கன்று நட வேண்டிய மரக்கறிகளை நம்பியதால்தான் கைவிடப்பட்டன.

அம்மாவுக்கு வேண்டியவை ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் தழைப்பவை. பொன்னாங்காணித் தண்டைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே எடுத்து ஊன்றலாம், மூன்று நாலு கிழமையில் முதல் வெட்டு. வல்லாரை கொழும்பு ஈரத்தில் தானாகப் படரும். பசளியை ஒரு கம்பியில் ஏற்றிவிட்டால் கீழே இருந்து பறிக்கலாம். கறிவேப்பிலை, ரம்பை, சேரை மூன்றும் பெரிய சாடியில் வருடக்கணக்கில் நிற்கும், சமையலுக்குத் தினமும் உதவும். ஒரு கொச்சி மிளகாய்ச் செடி, ஒரு தூதுவளை. இவை நிலைத்த பிறகு, அம்மாவின் ஆசைக்கு ஒரு பந்தல் பாவற்காயோ பயற்றங்காயோ போடலாம். அது பட்டுப்போனாலும் தோட்டம் போகாது. சாடி என்றால் சின்னப் பொலித்தீன் பைகள் வேண்டாம், இருபது லீற்றர் வாளி அளவாவது இருக்கட்டும். தை, மாசியில் கொழும்பில் மழை குறையும். அந்தக் காலத்தில் அம்மா படுத்தால் சின்னப் பை இரண்டு நாளில் காய்ந்துவிடும், பெரிய சாடி தாங்கும். மேலே தும்போ காய்ந்த இலையோ போட்டு மூடிவிட்டால் இன்னும் நல்லது. கன்றுகளுக்குப் பத்தரமுல்லை தியத்த உயனப் பூங்காப் பக்கம் ஒருநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயிரில் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

இனி நுளம்பு. பரிசோதகர் சொன்னதை இலேசாக எடுக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம். அதை விடப் பெரியது, 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேல் டெங்கு நோயாளர் பதிவானார்கள் என்பது. டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சாடித் தட்டே வேண்டாம் என்பது என் கருத்து. வெளியில் நிற்கிற சாடிக்கு எதற்குத் தட்டு? சிரட்டை, யோகட் கோப்பை, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மூடியில்லாத வாளி இவ்வளவையும் கிழமைக்கு ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு ஆளை நியமியுங்கள். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு பத்து நாள் ஆகும், கிழமைக்கு ஒருமுறை தவறாமல் பார்த்தால் தப்பாது. உங்கள் கணவருக்குத் தோட்டம் பற்றிய பயம் இதுதான் என்றால் இந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

அம்மாவுக்கு டெங்கு வந்தால் மற்றவர்களுக்கு வருவதை விட ஆபத்து கூட, அதற்குக் காரணம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மூட்டு நோவுக்கு எடுக்கிற டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற குளிசைகள் டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். காய்ச்சலோடு உடம்பு நோகும்போது வாதம் என்று நினைத்து அந்தக் குளிசையைப் போடுவது மிக எளிதாக நடந்துவிடும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: காய்ச்சல் என்றால் நோக் குளிசை இல்லை, பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. டொக்டரிடம் போய் இரத்தப் பரிசோதனையை மூன்றாம் நாளுக்குப் பிந்த விடாதீர்கள். காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் டெங்கு மோசமாகும், "விட்டுட்டுது" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா கிழமைக்கு ஒருமுறை மெதோட்ரெக்ஸேட் என்ற வாத மருந்தை எடுப்பவரானால், காய்ச்சல் நேரத்தில் அந்தக் கிழமை மருந்தை எடுப்பதா விடுவதா என்று கேட்டே செய்ய வேண்டும்.

மண்ணிலிருந்தும் வருத்தம் வரும். சீனி உள்ளவருக்கு, அதோடு எதிர்ப்பைக் குறைக்கிற வாத மருந்தும் எடுப்பவருக்கு, ஒரு சின்னக் கீறல் கூடச் சின்னதில்லை. எலிக்காய்ச்சல் எல்லோருக்கும் தெரியும். மெலியோய்டோசிஸ் பலருக்குத் தெரியாது. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமியால் வருவது, சீனி உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், மழைக்குப் பிறகு கூடும், வழக்கமான அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு அடங்காது. இலங்கையின் பல பகுதிகளிலும் கண்டிருக்கிறார்கள். எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் "அம்மா மண்ணில் வேலை செய்கிறவர், சீனி இருக்கு" என்று டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் றப்பர் உறை, காலில் மூடிய சப்பாத்து. ஊரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் சீனி கூடிப் பாதம் மரத்துப் போனால் முள் குத்தியதே தெரியாது. தோட்டத்தால் வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தை யாராவது பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு இதைப் பழக்கினால் அம்மம்மாவோடு இருந்து கதைக்கவும் ஒரு நேரம் கிடைக்கும். வெள்ளம் நின்ற வளவில் மண் காயும்வரை இறங்க வேண்டாம். கூட்டெருவுக்கு மூடியுள்ள கூடை வையுங்கள். சோறும் மீன் முள்ளும் போட்டால் எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல்.

இன்னொன்று. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோ எடுப்பவரானால் வெறும் வயிற்றில் தோட்டத்துக்கு இறங்கக் கூடாது. சீனி இறங்கும்போது வியர்க்கும், நடுங்கும். தோட்டத்தில் நிற்பவருக்கு வியர்த்தால் வெயில் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடுக்கமோ தடுமாற்றமோ இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், கால் மணித்தியாலத்தில் திரும்பிச் சோதியுங்கள்.

தோட்டத்துக் கீரை எல்லாம் மருந்து என்று அம்மா சொல்லக்கூடும். சாப்பாடாகச் சாப்பிடட்டும், நல்லதுதான். பாவற்காய்ச் சாறு, கோவை இலைச் சாறு என்று தினம் காலையில் குடிப்பது வேறு விஷயம். அவை சீனியைக் குறைக்கக் கூடியவை, மருந்தோடு சேர்ந்தால் அளவுக்கு மிஞ்சி இறங்கும். பக்கத்து வளவில் காமரங்காயோ பிலிம்பியோ காய்த்துத் தொங்கினால், அதன் சாறு அம்மாவுக்குக் கூடவே கூடாது. இரண்டிலும் ஒக்சலேற்று என்ற பொருள் மிக அதிகம், சீனியால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை அது பாழாக்கிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் காமரங்காய் மூளையையும் தாக்கும். நெடுநாள் சீனி, நெடுநாள் நோக் குளிசை இரண்டும் இருக்கிறபடியால் சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்தது என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். அதில் குறை கண்டிருந்தால் கீரையின் பொட்டாசியம் பற்றியும் கேளுங்கள். அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லலாம், அளவைக் குறைக்கச் சொல்லலாம்.

வீட்டுக்குள் வேலையைப் பிரிப்பதில் ஒரு விஷயம் கவனியுங்கள். "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்" என்பது அன்பான சொல். ஆனால் நாலு பரப்பை ஆண்ட மனிசிக்கு அதைத் தினமும் கேட்டால் தான் வீட்டில் ஒரு பாரம் என்றுதான் படும். எதை எங்கே நடுவது, எப்போது வெட்டுவது, எந்தக் கன்றைப் பிடுங்குவது என்ற தீர்மானம் முழுக்க அம்மாவுடையதாக இருக்கட்டும். கொத்துவது, தூக்குவது, எட்டிக் கட்டுவது உங்களுடையது. நடுவில் உள்ள ஊன்றுதல், களை பிடுங்குதல், கீரை ஆய்தல் அந்த அந்த நாளின் கையைப் பொறுத்தது. காலையில் "கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பிரியுங்கள். படுக்கிற வாரத்துக்கு முன்கூட்டியே ஒரு ஆளைத் தீர்மானித்து வையுங்கள். அந்த ஆள் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது மட்டும், மற்ற எல்லாம் காத்திருக்கும். வெட்டிய கீரையில் ஒரு பிடியை மேல்வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அம்மா கையாலேயே கொடுக்க விடுங்கள். ஊரில் வேலியால் எட்டிக் கதைத்தவருக்கு, தெகிவளையில் ஒருவரையும் தெரியாமல் இருப்பதும் நோகத்தான் செய்யும்.

கடைசியாக முருங்கைத் தடி. மதிலோடு நடவேண்டாம், கொப்பு லேசில் முறிந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். மதிலிலிருந்து பத்து அடியாவது தள்ளி, வெயில் விழும் இடத்தில், ஒன்றரை அடிக்கு மண்ணை மேடாக்கி நடுங்கள். முருங்கைக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. பெருமழைக்கு முன் நடாமல் மார்கழிக் கடைசியிலோ தையிலோ நட்டால் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். தடியை நிழலில் சாய்த்து வைத்தால் சில நாள் தாங்கும். வளர்ந்ததும் வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சளவில் தறித்துவிடுங்கள். அம்மா தோளை உயர்த்தாமல் இலை பறிக்கலாம். மயிர்க்கொட்டி அடியில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் பேரன் ஒரு பந்தத்தால் வாட்டிவிடட்டும், அம்மா கை வைக்க வேண்டாம். நட்ட முதல் மூன்று கிழமையும் தண்ணீரைக் குறைத்தே ஊற்றச் சொல்லுங்கள். துளிர் வரவில்லை என்று கூட ஊற்றினால் தடி அடியால் அழுகிவிடும்.